கூட்டுக்கடையில் ஒரு பார்ட்னர் இறந்துவிட்டால்: குடும்பமும் மிச்சமிருக்கும் பார்ட்னரும் என்ன செய்ய வேண்டும்

அப்பா இறந்த ஐந்தாம் நாள் மாமா வீட்டுக்கு வந்தார். சொந்த மாமா இல்லை. பினாங்கு லெபோ பாசாரில் அப்பாவோடு முப்பது வருடம் மளிகைக் கடை நடத்திய பார்ட்னர், சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவோம். "தங்கச்சி, கடையைத் திறந்திடட்டுமா, சரக்கு கெட்டுப்போகுது" என்றார். அம்மா, "உங்க இஷ்டம் அண்ணே" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அந்த 'உங்க இஷ்டம்' என்பதற்கு என்ன பொருள், கடையையே விட்டுக்கொடுத்ததாகவா அல்லது அப்போதைக்குத் திறந்துகொள்ளச் சொன்னதாகவா என்று பிறகு மூன்று வருடம் இரண்டு பக்கமும் லாயர் வைத்துக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம்.

நான் லாயர் இல்லை. அந்த மூன்று வருடத்தில் கற்றுக்கொண்டதையும், அதன் பிறகு இதே மாதிரி சிக்கலில் கேட்டு வந்த சில குடும்பங்களோடு உட்கார்ந்து பார்த்ததையும் எழுதுகிறேன். தீபகற்ப மலேசியாவில் உள்ள நடைமுறைதான் இது. பணம் பெரிதாக இருந்தால் லாயரிடம் போகத்தான் வேண்டும், ஆனால் இதைப் படித்துவிட்டுப் போனால் என்ன கேட்க வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்.

முதலில், அது என்ன கடை என்று பாருங்கள்

பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். கடைகளையும் கம்பெனிகளையும் பதிவு செய்யும் எஸ்.எஸ்.எம்.மில் பிசினஸ் ப்ரொஃபைல் எடுங்கள், ஆன்லைனிலேயே காசு கட்டி எடுக்கலாம். பெயருக்குப் பின்னால் 'செண்டிரியான் பெர்ஹாட்' என்று இருந்தால் அது கம்பெனி. இறந்தவரிடம் இருந்தது ஷேர், கம்பெனி அதுபாட்டுக்கு நடக்கும், இந்தக் கட்டுரை உங்களுக்கு அதிகம் உதவாது. 'பி.எல்.டி.' என்று இருந்தால் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிற வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு. அதுவும் தனி ஆள் மாதிரி, ஒருவர் இறந்ததால் கலையாது. 'எண்டர்பிரைஸ்', 'டிரேடிங்', 'ஸ்டோர்' என்று இருந்து, உரிமையாளர் என்ற இடத்தில் இரண்டு மூன்று ஐ.சி. (அடையாள அட்டை) எண்கள் இருந்தால்தான் நாம் பேசப்போகும் கூட்டுக்கடை.

இன்னொரு வகையும் உண்டு, நம்மவர்களிடம் அதுதான் அதிகம் என்றுகூடச் சொல்வேன். பதிவு ஒருவர் பேரில் இருக்கும், முதலும் உழைப்பும் இரண்டு பேருடையது. "பேருக்கு அண்ணன் பேர்ல இருக்கட்டும்" என்று எப்போதோ செய்தது. அப்படி இருந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். லாபம் பார்ப்பதற்காக இருவர் சேர்ந்து ஒரு தொழிலை நடத்தினால் சட்டத்தின் கண்ணில் அது கூட்டுதான், பதிவு இல்லை என்பதால் மட்டும் கூட்டு இல்லை என்றாகிவிடாது. ஆனால் நிரூபிக்க வேண்டிய பாரம் முழுக்க உங்கள் தலையில் விழும்.

சட்டம் என்ன சொல்கிறது

1961-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம், 35-ஆம் பிரிவு: வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், ஒரு பார்ட்னர் இறந்தவுடன் கூட்டு கலைந்துவிடுகிறது. மூன்று பேர் இருந்து ஒருவர் போனாலும் அப்படித்தான், மற்ற இருவருக்கும் சேர்த்தே கலைகிறது. அடுத்த நாள் ஷட்டரைத் தூக்கி அதே கல்லாவில் வியாபாரம் பார்க்கிறோமே என்றால், அது பழைய கூட்டின் சரக்கை வைத்து நடக்கும் வேறொரு வியாபாரம். இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை தெளிவாகிவிடும்.

குடும்பங்கள் செய்யும் தவறு, அப்பா இடத்துக்கு மகன் தானாக வந்துவிடுகிறான் என்று நினைப்பது. வர முடியாது. இருக்கும் பார்ட்னர்கள் எல்லாரும் சம்மதிக்காமல் புதிதாக யாரையும் சேர்க்க முடியாது என்று 26-ஆம் பிரிவு சொல்கிறது. மறுபக்கம், மிச்சமிருக்கும் பார்ட்னர் செய்யும் தவறு, இனி கடை தன்னுடையது என்று நினைப்பது. 45-ஆம் பிரிவின்படி இறந்தவருடைய பங்கு அவர் இறந்த தேதியில் ஒரு கடனாக மாறுகிறது, மிச்சமிருக்கும் பார்ட்னர் அதைக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டியவர். முடிக்க வேண்டிய பாக்கி வேலைகளை முடிக்கவும் கணக்கைத் தீர்க்கவும் அவருக்கு அதிகாரம் தொடர்கிறது, அவ்வளவுதான்.

ஆக, எல்லாமே இறந்த தேதியில் வந்து நிற்கிறது. அந்த ஒரு நாளில் கடையில் என்ன இருந்தது, யாருக்கு எவ்வளவு பாக்கி, யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும். அந்தக் கோட்டைச் சீக்கிரம் போட்டுவிட்டால் மனஸ்தாபம் இல்லாமல் முடிகிறது. ஒரு வருடம் கழித்துப் போட முயன்றால் கோர்ட்டுக்குத்தான் போகும்.

முதல் பதினாறு நாள்

கருமாதி முடியட்டும், அப்புறம் பேசலாம் என்போம். அது நம் மரியாதை, அதை விட வேண்டாம். ஆனால் பேசுவதற்குக் காத்திருக்கலாம், எண்ணுவதற்குக் காத்திருக்கக் கூடாது. கடையைத் திரும்பத் திறப்பதற்கு முன் அரை நாள் எடுத்துச் சரக்கை எண்ணிவிடுங்கள். குடும்பத்திலிருந்து ஒருவர், பார்ட்னர், முடிந்தால் இரண்டு பக்கமும் சாராத மூன்றாவது ஆள் ஒருவர், கடைக்குக் கணக்கு எழுதுபவர் இருந்தால் இன்னும் நல்லது.

இதை எப்படிச் செய்வது என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் இதைச் செய்யவில்லை. கைப்பேசியில் வீடியோ ஓடவிட்டு வாசலிலிருந்து ஆரம்பியுங்கள். பருப்பு மூட்டை எத்தனை, பிரிக்காதது எத்தனை, பிரித்தது எத்தனை கிலோ. பின்பக்க ஸ்டோரில் மிளகாய், மல்லி, மஞ்சள். மேல்மாடியில் யாரும் ஏறாத இடத்தில் கிடக்கும் பித்தளைப் பாத்திரம் வரை. தராசு, குளிர்பெட்டி, வேன், வேனின் கிராண்ட் (பதிவுப் பத்திரம்) யார் பேரில் இருக்கிறது. கல்லாவில் உள்ள ரொக்கத்தை எண்ணி, தாளில் எழுதி, மூன்று பேரும் கையெழுத்து, தேதி. கடன் கொடுத்த புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடியுங்கள். சப்ளையர் இன்வாய்ஸ், பேங்க் ஸ்டேட்மெண்ட், கடைசி மூன்று வருட வரிக் கணக்கு. கூட்டுக்கடை 'ஹசில்' எனும் வருமான வரி அலுவலகத்துக்கு அனுப்பும் பாரம் 'P'-யிலும், ஒவ்வொரு பார்ட்னருக்கும் கிடைக்கும் சி.பி. 30-லும் யாருக்கு எத்தனை பங்கு லாபம் என்று போட்டிருக்கும். வாயால் ஆயிரம் சொன்னாலும் இந்த ஒரு தாள் பேசும்.

எங்களைக் காப்பாற்றியது இந்த மாதிரிப் பெரிய ஆவணம்கூட இல்லை. அப்பா சட்டைப்பையில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த 555 நோட்டு, கையடக்கமான சின்னக் கணக்கு நோட்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு வரி: தேதி, 'க 400, நா 400'. 'க' மாமாவுடைய பெயரின் முதல் எழுத்து, 'நா' என்றால் நான். இரண்டு பேரும் வாரா வாரம் ஒரே தொகை எடுத்திருக்கிறார்கள். அப்படி பதினோரு நோட்டு இருந்தது, பிஸ்கட் டின்னில். பங்கு சரிபாதி என்பதற்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. அதனால் வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று இறந்தவருடைய எந்தக் காகிதத்தையும் தூக்கி எறியாதீர்கள், வாட்ஸ்அப் குரல் பதிவுகளையும் அழிக்காதீர்கள்.

சாட்சியே இல்லை என்றால்? வேறு ஒப்பந்தம் காட்ட முடியாதவரை முதலிலும் லாபத்திலும் எல்லாருக்கும் சமபங்கு என்பதுதான் சட்டத்தின் தொடக்கப் புள்ளி. நஷ்டத்திலும் அப்படியே.

பார்ட்னரும் இந்த நாட்களில் சும்மா இருக்க முடியாது. தொழிலாளர்களுக்குச் சம்பளம் போக வேண்டும், அவர்களுடைய கே.டபிள்யூ.எஸ்.பி. (சேமநிதி) பதினைந்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும், வெளிநாட்டுத் தொழிலாளர் பெர்மிட் யார் பேரில் என்று பார்க்க வேண்டும். குடும்பத்தார் இதற்கு அவர் எடுத்த பணத்தைத் திருட்டாகப் பார்க்க வேண்டாம். பார்ட்னரே, நீங்களும் அதை எழுதி வையுங்கள், அன்றைக்கு ரசீது இல்லாமல் கொடுத்த 1,200 வெள்ளி (ரிங்கிட்) மூன்று வருடம் கழித்து உங்களுக்கு எதிராக வரும்.

குடும்பத்தின் சார்பில் யார் பேசலாம்

மனைவி என்பதால் மட்டும் கையெழுத்துப் போட முடியாது. உயில் இருந்தால் அதில் குறிப்பிட்ட நிறைவேற்றுநர் புரொபேட், அதாவது உயிலை நீதிமன்றம் உறுதிசெய்து தரும் பத்திரம், எடுக்க வேண்டும். உயில் இல்லாவிட்டால் யாராவது ஒருவர் 'சூராட் குவாசா மெந்தாட்பிர்', அதாவது சொத்தை நிர்வகிக்கும் அதிகாரப் பத்திரம், எடுக்க வேண்டும். லாயர்கள் எல்.ஏ. என்பார்கள். அது கையில் வராதவரை வழக்குப் போடவும் முடியாது, "பணம் வந்துவிட்டது, இனி பாக்கி இல்லை" என்று செல்லுபடியாகும் வகையில் எழுதிக் கொடுக்கவும் முடியாது.

இது பார்ட்னருக்கும் முக்கியம். பாவம் என்று நினைத்து விதவையிடம் ஐம்பதாயிரம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து இறந்தவருடைய தாயாரோ பெரிய மகனோ எல்.ஏ.யோடு வந்து முழுத் தொகையும் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். செலவுக்குக் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள், ஆனால் 'பங்கிலிருந்து முன்பணம்' என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

எங்கே போவது? வழக்கமான வழி உயர்நீதிமன்றம். பினாங்கில் லைட் ஸ்ட்ரீட், கோலாலம்பூரில் ஜாலான் டூத்தா வளாகம். சின்னச் சொத்துகளுக்கு நில அலுவலகத்தின் புசாக்கா (இறந்தவர் சொத்து) பிரிவு உண்டு, 2024 ஜூலையிலிருந்து அதன் வரம்பு 20 லட்சத்திலிருந்து 50 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது. இறந்தவர் சொத்தை நிர்வகிக்கும் அரசாங்க நிறுவனமான அமானா ராயாவிலும் கேட்கலாம். ஆனால் பங்கு எவ்வளவு என்பதிலேயே தகராறு இருந்தால் கடைசியில் உயர்நீதிமன்றத்துக்குத்தான் வந்து சேரும், அதனால் தொடக்கத்திலேயே லாயரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். வசதி இல்லாதவர்கள் ஜாபாத்தான் பந்துவான் குவாமானில், அதாவது அரசாங்கச் சட்ட உதவித் துறையில், எல்.ஏ. விண்ணப்பத்துக்கு உதவி கேட்கலாம். பதினெட்டு வயதுக்குக் கீழ் பிள்ளைகள் இருந்தால் நிர்வாகிகள் பொதுவாக இருவராவது வேண்டும், எல்.ஏ.வுக்கு ஜாமீன் ஆட்களும் கேட்பார்கள், இதிலேயே பல குடும்பங்கள் மாதக்கணக்கில் நின்றுவிடுகின்றன.

யாருக்கு எவ்வளவு என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "எல்லாம் அம்மாவுக்குத்தான்" என்று நினைப்பவர்கள் அதிகம். உயில் இல்லாத முஸ்லிம் அல்லாதவருக்கு 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருந்தால் மனைவிக்கு கால் பங்கு, பெற்றோருக்கு கால், பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. நாசி கண்டார் கடை வைத்திருக்கும் நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு இஸ்லாமிய வாரிசுப் பங்கீடான ஃபராயிட் கணக்கு, ஷரியா நீதிமன்றத்தில் சான்றிதழ் எடுக்க வேண்டும். கடைக்கும் பார்ட்னருக்கும் உள்ள கணக்கு மட்டும் எல்லாருக்கும் ஒரே கூட்டாண்மைச் சட்டம்தான்.

எஸ்.எஸ்.எம்., பேங்க், லைசென்ஸ்

எஸ்.எஸ்.எம். பதிவில் மாற்றம் என்றால் பாரம் 'B', முப்பது நாள் கணக்கு. மரணச் சான்றிதழ் வேண்டும். கே.எல்.காரர்களுக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்திலேயே, கே.எல். சென்ட்ரலில் எஸ்.எஸ்.எம். தலைமையகம் இருக்கிறது, கவுண்டரில் கேட்டால் சொல்வார்கள். குடும்பத்தார் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பார்ட்னர் போய் இறந்தவர் பெயரை எடுத்துவிட்டார் என்பதால் பங்கு போய்விடவில்லை. பதறிப்போய்ப் புகார் கொடுக்க ஓடாதீர்கள், எங்கள் சித்தப்பா ஓடினார், அன்றோடு மாமா வீட்டுக்கு வருவது நின்றது.

பேங்கில் கையெழுத்து அதிகாரம் மாற வேண்டும், புதிய ப்ரொஃபைல் கேட்பார்கள். நகராண்மை லைசென்ஸ் இறந்தவர் பேரில் இருந்தால் அதையும் மாற்றுங்கள், பினாங்கின் எம்.பி.பி.பி.யோ கோலாலம்பூரின் டி.பி.கே.எல்.லோ எதுவானாலும். கடை வாடகை ஒப்பந்தம் யார் பேரில் என்று பார்க்க மறக்க வேண்டாம்.

சண்டை எங்கே வருகிறது

இதுதான் பெரிய பகுதி. மூன்று இடங்களில் வரும்.

ஒன்று, இறந்த பிறகு வந்த லாபம். கணக்குத் தீர்க்காமல் பழைய முதலையும் சரக்கையும் வைத்து வியாபாரம் தொடர்ந்தால், 44-ஆம் பிரிவு குடும்பத்துக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுக்கிறது: அந்தப் பங்கைப் பயன்படுத்தியதால் வந்த லாபத்தில் ஒரு பகுதி, அல்லது பங்குத் தொகைக்கு வருடம் 8 சதவீத வட்டி. தேர்ந்தெடுப்பது குடும்பம், பார்ட்னர் இல்லை. பங்கு 1,80,000 வெள்ளி என்றால் வட்டி வருடத்துக்கு 14,400, மாதத்துக்கு 1,200. லாபம்தானே அதிகம் வரும் என்று உடனே அதைப் பிடிக்காதீர்கள். விடிகாலையில் மார்க்கெட்டுக்குப் போய், இரவு பத்து மணிக்குக் கணக்கு மூடி உழைத்தவர் அவர், அந்த உழைப்புக்கு நீதிமன்றம் கழித்துத்தான் கணக்குப் போடும். மளிகை, சாப்பாட்டுக்கடை மாதிரி உழைப்பில் ஓடும் தொழிலுக்கு 8 சதவீதம் நல்ல வழி, நிரூபிக்கவும் சுலபம். முதலே சம்பாதித்துக் கொடுக்கும் தொழில் என்றால், லாரிகளை வாடகைக்கு விடுவது மாதிரி, லாபத்தைக் கேட்டுப் பார்க்கலாம். நாங்கள் முதலில் லாபம் கேட்டோம், ஒரு வருடம் அதிலேயே போனது, பிறகு 8 சதவீதத்துக்கு இறங்கினோம்.

இரண்டு, சொத்து யாருடையது. கடைவீடு ஒருவர் பேரில் இருக்கும், பணம் கடைக் கல்லாவிலிருந்து போயிருக்கும். கூட்டின் பணத்தில் வாங்கியது, வேறு எண்ணம் இருந்ததாகத் தெரியாதவரை, கூட்டின் சொத்து. ஆகவே பேங்க் தவணை எந்தக் கணக்கிலிருந்து போனது என்பதைத் தேடிப் பிடியுங்கள். கடையின் பெயருக்கும் மதிப்பு உண்டு. முப்பது வருடமாக ஜனங்கள் 'அந்தக் கடை மசாலா' என்று தேடி வருகிறார்கள் என்றால் அதுவும் பங்கில் சேரும், சரக்கை மட்டும் எண்ணிப் பாதி கொடுத்தால் போதாது.

மூன்று, கடன். இறந்த தேதி வரை கடை வாங்கிய கடனுக்கு இறந்தவருடைய சொத்தும் பொறுப்பு. அதற்குப் பிறகு பார்ட்னர் வாங்கிய கடனுக்குப் பொறுப்பு இல்லை, பழைய பெயரிலேயே கடை ஓடினாலும் சரி. ஆனால் பேங்கில் இறந்தவர் தனியாக ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அது வேறு பத்திரம், வேறு கதை. பேங்குக்கு உடனே எழுத்தில் தெரிவித்து, அன்றைய பாக்கி எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

கணக்குக் காட்ட மாட்டேன் என்று பார்ட்னர் சொல்ல முடியாது. உண்மையான கணக்கும் முழு விவரமும் இறந்தவருடைய சட்டப் பிரதிநிதிக்குக் கொடுக்க வேண்டியது 30-ஆம் பிரிவின்படி அவருடைய கடமை. எல்.ஏ. கிடைத்ததும் முதல் கடிதத்தில் அதைக் கேளுங்கள், பணத்தைக் கேட்காதீர்கள். கணக்கு வந்த பிறகு பணம் தானாகப் பேச்சில் வரும்.

பேசித் தீராவிட்டால் மத்தியஸ்தம். வழக்குப் போட்ட பிறகும்கூட நீதிமன்றத்திலேயே மத்தியஸ்தத்துக்கு இடம் உண்டு. எங்கள் வழக்கு அங்கேதான் ஒரு மதியத்தில் முடிந்தது. மாமா 555 நோட்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்து அவன் எழுத்துதான்" என்றார், அதற்கு மேல் பங்கைப் பற்றி அவர் வாதாடவில்லை.

ஒரு எச்சரிக்கை. பங்கு இறந்த அன்றே கடனாகிவிடுகிறது என்றேன் இல்லையா, கடன் என்றால் காலக்கெடு உண்டு. ஆறு வருடம். எல்.ஏ. கிடைத்த தேதியிலிருந்து எண்ணலாம் என்று இருக்காதீர்கள், இறந்த தேதியிலிருந்து எண்ணுங்கள். "மாமா மாசாமாசம் ஏதோ கொடுக்கிறாரே, பார்த்துக்கலாம்" என்று ஐந்தரை வருடம் கழித்து வந்த ஓர் அக்காவுக்கு எல்.ஏ. எடுக்கவே நேரம் பத்தவில்லை. சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் ஓடிய ஓட்டத்தை மறக்க முடியாது.

தீர்த்துக்கொள்ளும்போது

மூன்று வழிதான். பார்ட்னர் பங்கை வாங்கிக்கொள்வது, குடும்பத்தில் ஒருவரை எல்லாரும் சம்மதித்துப் புதுக் கூட்டில் சேர்ப்பது, அல்லது விற்று மூடுவது. கடையில் ஒரு நாள்கூட நின்று பார்க்காத பிள்ளையைச் சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அடுத்த சண்டைக்கு அதுவே விதை. ஓடுகிற கடையாக இருந்தால் பார்ட்னர் தவணையில் வாங்கிக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. மூடுவதாக இருந்தால் வரிசை இது: முதலில் வெளிக்கடன், அப்புறம் பார்ட்னர்கள் கடைக்குக் கடனாகக் கொடுத்தது, அப்புறம் அவரவர் போட்ட முதல், மிஞ்சியது லாபப் பங்கின்படி.

எழுதும் பத்திரத்தில் இவை இருக்க வேண்டும்: இறந்த தேதியில் பங்கு எவ்வளவு, அதுவரை கொடுத்த முன்பணம் கழித்தது, தவணைத் தேதிகள், ஒரு தவணை தவறினால் என்ன, பழைய கடன்காரன் யாராவது குடும்பத்திடம் வந்தால் பார்ட்னர் ஏற்றுக்கொள்வார் என்ற உறுதி, கடைப் பெயரை யார் வைத்துக்கொள்வது. கையெழுத்து எல்.ஏ. வைத்திருப்பவருடையது. ஸ்டாம்ப் அடிக்க மறக்காதீர்கள்.

இப்போது பார்ட்னரோடு நல்லபடியாகக் கடை நடத்திக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்தால், இந்த வாரமே ஒரு தாளில் எழுதுங்கள்: ஒருவர் இறந்தால் கூட்டு கலையாது அல்லது மற்றவர் வாங்கிக்கொள்வார், விலையை இன்ன முறையில் கணக்குப் போடுவது, இத்தனை மாதத்தில் கொடுப்பது. விலைக்கு ஒரு தொகையை எழுதாதீர்கள், பத்து வருடத்தில் அது பொருந்தாது, முறையை எழுதுங்கள். வாங்கப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்காகவே ஒருவர்மேல் ஒருவர் இன்சூரன்ஸ் எடுத்து வைப்பவர்கள் உண்டு. பிறகு அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று இரண்டு வீட்டுப் பெண்களிடமும் சொல்லி வையுங்கள்.